அத்தியாயம் 7: தண்ணீர் இறங்கும் தளம்

வாசலில் பேவர் பிளாக் பதித்துவிட்டால் மழைநீர் தானாக மண்ணுக்குள் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. சிமென்ட் தளத்தைக் குறை சொல்பவர்கள்கூட, கல்லுக்குக் கல் சந்து தெரிவதால் பேவர் பிளாக்கை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வழக்கமாக அது பதிக்கப்படும் முறையைப் பாருங்கள். மண்ணை நன்றாக இடித்து இறுக்குகிறார்கள். அதன்மேல் கிராவலோ கான்கிரீட்டோ போடுகிறார்கள். அதற்கும் மேலே இரண்டு அங்குலம் எம்-சாண்ட் பரப்பி, கற்களை நெருக்கி அடுக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்தில் மணல் தூசியைத் தள்ளி நிரப்புகிறார்கள். முதல் மழைக்குக் கொஞ்சம் நீர் உள்ளே போகும். ஓரிரு ஆண்டில் சந்துகள் புழுதியால் அடைபட்டபின் அதற்கும் சிமென்ட் தளத்துக்கும் பெரிய வேறுபாடு இராது. கீழே கான்கிரீட் இருந்துவிட்டால் முதல் நாளிலிருந்தே வேறுபாடு இல்லை.

நீர் இறங்கும் தளம் என்பது மேலே தெரியும் கல்லைப் பொறுத்தது இல்லை. கல்லுக்கு இடையே என்ன இருக்கிறது, கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது, அதற்கும் கீழே உள்ள மண் எப்படிப்பட்டது என்ற மூன்றையும் பொறுத்தது. இந்த அத்தியாயம் அவற்றைத் திருமயத்தை வைத்துச் சொல்கிறது. பாறையும் ஊருணியும் சரளை மண்ணும் கலந்த எந்த ஊருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் உங்கள் இடம் எந்த நீர்நிலைக்குச் சொந்தம் என்று பாருங்கள்

திருமயம் ஒரு பெரிய பாறையைச் சுற்றி அமைந்த ஊர். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை அந்தப் பாறையின் மேல் நிற்கிறது. பாறையின் அடியைக் குடைந்துதான் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கும் சத்தியகிரீசுவரருக்கும் கோயில்கள் எழுந்தன. பாறையில் விழும் மழை ஏறக்குறைய முழுவதும் ஓடிவிடும். உறிஞ்ச அங்கே மண் இல்லை. பாறை சார்ந்த ஊர்களில் நம் முன்னோர் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஓடிவரும் நீரைக் குளத்துக்கும் ஊருணிக்கும் திருப்பினார்கள். அவை நிரம்பி வழிந்தால் வாரி வழியாகக் கீழே உள்ள கண்மாய்க்குப் போகும்படி விட்டார்கள். புதுக்கோட்டைச் சீமையில் ஆயிரக்கணக்கான கண்மாய்கள் இப்படி ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன.

ஆகவே, எல்லா இடத்திலும் நீரை மண்ணுக்குள் இறக்குவது நல்லது என்று நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே எடுத்து வந்தால் நேரும் தவறு இதுதான். 2015இல் சீன அரசு 16 நகரங்களைத் தேர்ந்தெடுத்து, மழையை உறிஞ்சும் நகரங்களாக மாற்றத் தொடங்கியபோது அவற்றின் முதல் தேவை வெள்ளத்தின் வேகத்தைக் குறைப்பது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் தெரு மூழ்குவதும் சிக்கல். சித்திரையில் ஊருணி வற்றிக் கிடப்பதும் சிக்கல். ஊருணிக்குப் போகவேண்டிய நீரை நம் வாசலில் உறிஞ்சிவிட்டால் ஒன்றைத் தீர்க்கப் போய் இன்னொன்றைப் பெரிதாக்குவோம்.

அடுத்த நல்ல மழையில் குடையோடு வெளியே வந்து, உங்கள் வாசல் நீர் எங்கே போகிறது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். சுத்தமான நீராக ஓடி ஊருணிக்கோ கோயில் குளத்துக்கோ போய்ச் சேர்ந்தால் அந்த ஓட்டத்தைக் கெடுக்க வேண்டாம். அங்கே செய்யவேண்டிய வேலை வரத்துக்காலைத் தூர்வாருவது, அடைப்பை எடுப்பது, ஆக்கிரமிப்பைத் தடுப்பது. நீர் தெருவில் குளமாக நின்றால், பக்கத்து வீட்டுக்குள் புகுந்தால், அல்லது சாக்கடையில் கலந்து வீணானால் அது மண்ணுக்குள் இறங்கவேண்டிய நீர். அங்கேதான் இந்தத் தளம் வேண்டும். இன்று ஊருக்குள் பெரும்பாலான வாசல்களும் கடைமுகப்புகளும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. பழைய வரத்துக்கால்களின் மேல் வீடும் ரோடும் வந்துவிட்டதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அதனால் கூரை நீரைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். வாசலையும் கொல்லையையும் பற்றி அந்த அளவு பேசவில்லை. வீட்டைக் கட்டி முடித்ததும் மிச்சமுள்ள மண்தரை முழுவதையும் சிமென்ட் பூசி மூடும் வழக்கம் அதற்குப் பிறகுதான் இன்னும் பெருகியது.

சென்னைக்குப் பூண்டி நீர்த்தேக்கம் கிடைக்க மேயராக இருந்து பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1887இல் இந்தத் திருமயத்தில் பிறந்தவர். 1944இல் முடிந்த அந்த ஏரி அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் எனப்படுகிறது. பெருநகரத்தின் தாகத்தை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவரைத் தந்த ஊர், தன் தெரு நீரையும் அதே அக்கறையோடு பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம்.

எவ்வளவு நீர்?

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 100 சதுர அடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். உங்கள் வாசலும் பக்கவாட்டும் சேர்ந்து 1,000 சதுர அடி என்றால், 5 செ.மீ. மழையில் 4,650 லிட்டர் நீர் அதன்மேல் விழும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 முதல் 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். எனவே ஆண்டு மழையைக் கொண்டு திட்டமிடாதீர்கள். ஒரே இரவில் கொட்டும் 5 முதல் 8 செ.மீ. மழையை வைத்துத் திட்டமிடுங்கள்.

மண்ணைக் கேட்காமல் கல் வாங்காதீர்கள்

திருமயத்தைச் சுற்றிச் செம்மண், சரளை, செம்புராங்கல், கண்மாய் ஓரத்தில் களிமண், எங்கே வேண்டுமானாலும் திடீரென எதிர்ப்படும் கரும்பாறை என்று நூறடிக்குள் நிலம் மாறிவிடும். பக்கத்து வீட்டில் நன்றாக இருந்தது உங்கள் வீட்டில் நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தளம் வரப்போகும் இடத்தில் ஒரு மூலையில் கடப்பாரையால் நான்கு அடிவரை தோண்டிப் பாருங்கள். அதற்குள் பாறை தட்டினால் அங்கே நீரை இறக்காதீர்கள். இறங்கிய நீர் பாறையின் மேல் படுத்து, பக்கவாட்டில் ஊர்ந்து, உங்கள் அஸ்திவாரத்துக்கோ பக்கத்து வீட்டுச் சுவருக்கோ போய்ச் சேரும். பாறை இல்லையென்றால் வேறொரு இடத்தில் ஓரடிச் சதுரமாக, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். முதல் நாள் மாலை அதில் நீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் மீண்டும் நிரப்பி ஒரு குச்சியில் அளவு குறித்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். குழியின் பக்கச் சுவர்களும் நீர் குடிக்கும் என்பதால் கிடைத்த அளவில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பாதியாக்கிய பிறகும் மணிக்கு அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நல்ல மண், தயங்காமல் செய்யலாம். மணிக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்குகிறது என்றாலும் செய்ய முடியும். ஆனால் மிகுநீர்க் குழாய் கட்டாயம் வேண்டும். அதற்கும் கீழே என்றால் இந்த முறையை விட்டுவிட்டு, நீரைத் தொட்டியில் பிடிப்பதையோ வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு அனுப்புவதையோ பாருங்கள்.

எங்கே கூடாது

தேர் ஓடும் வீதி, லாரி திரும்பும் இடம், பேருந்து நிற்கும் இடம் ஆகியவற்றில் வேண்டாம். அவற்றின் பாரத்தை வழக்கமான ரோடு தாங்கட்டும், ஓரங்களை மட்டும் நீர் இறங்கும்படி செய்யலாம். மெக்கானிக் ஷெட், பெட்ரோல் பங்க் முகப்பு, மாட்டுத் தொழுவம், சாக்கடை பொங்கும் தெரு: அங்கே இறங்குவது கழிவு, அது அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போகும். வீட்டுச் சுவரிலிருந்து பத்து அடி தள்ளியிருப்பது நல்லது. அவ்வளவு இடம் இல்லாத மனைகளில் சுவர் ஓரமாக மூன்றடி ஆழத்துக்குத் தடித்த பாலிதீன் தாளைச் செங்குத்தாக இறக்கி, பிறகு ஜல்லி நிரப்புங்கள்.

திருமயத்துக்கு மட்டுமேயான ஒரு எச்சரிக்கை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். அத்தகைய இடங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம் இதைச் சொல்கிறது. கோட்டையை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் வாசலைத் தோண்டும் முன் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கோட்டை மதிலின் அடியில் நீரை இறக்குவது சட்டம் இல்லாவிட்டாலும் செய்யத் தகாத வேலை.

அடுக்குகள்

கீழிருந்து மேலே வருவோம். நடக்கவும் பைக் நிறுத்தவும் மட்டுமான வாசலுக்குப் பதினான்கு அங்குலம் தோண்டவேண்டும். கார் நிற்கும் இடத்துக்குப் பதினேழு. தோண்டிய அடிமண்ணை இடிக்காதீர்கள், ரோலர் ஓட்டாதீர்கள். வழக்கமான வேலைக்கும் இதற்கும் உள்ள பெரிய மாறுதல் இது. கொத்தனாருக்குக் கை தானாகவே இடிக்கப் போகும். பக்கத்தில் நின்று சொல்லுங்கள். மட்டம் பார்க்க நடந்த கால்தடமே போதும். அடிமண் சமமாக இருக்கவேண்டும். வாசல் சரிவாக இருந்தால் அடிமண்ணைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் குறுக்கே ஒரு தடுப்புக் கல் வையுங்கள். இல்லாவிட்டால் நீர் முழுவதும் பள்ளத்து மூலைக்கு ஓடி அங்கே மேலே கொப்பளித்துவிடும்.

முதல் அடுக்கு 40 எம்எம் ஜல்லி, ஆறு அங்குலம். கார் நிற்கும் இடத்தில் எட்டு. அதன்மேல் 20 எம்எம் ஜல்லி நான்கு அங்குலம். மேலே படுக்கையாக 6 எம்எம் சிப்ஸ் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். எங்கேயும் எம்-சாண்ட் இல்லை, கிராவல் இல்லை, க்ரஷர் தூசி இல்லை. ஜல்லியைக் கழுவி வாங்குங்கள்; கழுவாமல் வந்தால் இறக்கிய இடத்திலேயே பைப் பிடித்துக் கழுவுங்கள். நம் மாவட்டத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய இருப்பதால் ஜல்லிக்குத் தூரம் போகவேண்டியதில்லை. ஆனால் தூசியோடு வரும் ஒரு லோடு, இந்த வேலை முழுவதையும் வீணாக்கிவிடும்.

இந்தப் பத்து அங்குல ஜல்லியில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அதாவது தன்மேல் விழும் 8 செ.மீ. மழையைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே குடிக்கும் மண்ணிலும் இரண்டு நாளுக்குள் அது காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அதே அளவுள்ள கூரையின் நீரையும் இதற்குள் திருப்பினால் தாங்கும் மழை 4 செ.மீ. ஆகக் குறையும். கூரை நீரைத் தனியே கிணற்றுக்கோ தொட்டிக்கோ விடுவதே நல்லது என்பேன். குடிக்கத் தகுந்த நீரைத் தரைக்குக் கொடுப்பானேன்?

நான்கு ஓரங்களிலும் கரைக் கல் கான்கிரீட்டில் ஊன்றியிருக்கவேண்டும். அது தளர்ந்தால் கற்கள் விலகும். மேல்மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே, நான்கு அங்குல பிவிசி குழாய் ஒன்றை வலை கட்டி வைத்துத் தெருக் கால்வாய்க்கோ வரத்துக்காலுக்கோ விடுங்கள். பெருமழையில் ஜல்லி நிரம்பியபின் மிகுநீர் போக அதுதான் வழி. கண்மாய்க்குக் கலிங்கு எவ்வளவு அவசியமோ இதற்கு இந்தக் குழாய் அவ்வளவு அவசியம்.

இந்த இடத்தில் கொத்தனார் கட்டாயம் கேட்பார்: "கீழ பிசிசி போடாம கல்லு எப்படிண்ணே நிக்கும்? வண்டி ஏறுனா எறங்கிராதா?" அவர் அனுபவத்தில் இருந்துதான் கேட்கிறார், மண்மேல் நேரே பதித்த கல் இறங்குவதை அவர் பார்த்திருக்கிறார். உடைத்த ஜல்லி முனைமுனையாக இருப்பதால் ஒன்றையொன்று கடித்து நிற்கும். ஒவ்வொரு அடுக்கையும் தகடு அதிர்வு இயந்திரத்தால் இரண்டு முறை அதிரவிட்டால் கார் பாரம் தாங்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். உருண்டைக் கூழாங்கல்லில் இந்தப் பிடிப்பு வராது, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேலே எந்தக் கல்?

பேவர் பிளாக் என்றால் நடக்கும் இடத்துக்கு 60 எம்எம், காருக்கு 80 எம்எம் தடிமன். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15658 இதைப் போக்குவரத்துக்கு ஏற்ப வகுத்துள்ளது. வாங்கும் இடத்தில் அந்தத் தரத்துக்குச் சோதித்த சான்றைக் கேளுங்கள். சந்து 8 முதல் 10 எம்எம் வேண்டும். கடையில் கிடைக்கும் ஜிக்ஜாக் கற்கள் நெருங்கி உட்காரும்படி வார்க்கப்பட்டவை. செவ்வகக் கல்லை எடுத்து, இடையே மரச்சட்டம் வைத்து இடைவெளி காத்து அடுக்குங்கள். சந்தில் 3 முதல் 6 எம்எம் சிப்ஸ் நிரப்பவேண்டும். மணலைத் தள்ளினால் பழைய கதைதான்.

என் விருப்பம் வேறு. நம் பகுதியில் பிளந்த கருங்கல் பலகை கிடைக்கிறது. இரண்டடிக்கு ஓரடிப் பலகைகளை ஓர் அங்குலச் சந்து விட்டுப் பதித்து, சந்தில் சிப்ஸ் நிரப்பினால் தலைமுறைக்கு நிற்கும். வெயிலில் சுடும் என்பது உண்மை. வேப்ப மரமோ புங்கையோ ஒன்று நிழல் தந்தால் சரியாகிவிடும். அந்த மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு எந்தத் தளமும் போடாதீர்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது; நாம் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

துளைக் கான்கிரீட் என்று ஒன்று உண்டு: மணலே சேர்க்காமல், சிமென்டும் 10 எம்எம் ஜல்லியும் மிகக் குறைந்த நீரும் கலந்து போடுவது. நீர் கொஞ்சம் கூடினால் சிமென்ட் வழிந்து அடியை அடைத்துவிடும், குறைந்தால் ஜல்லி உதிரும். போட்டவுடன் தார்ப்பாயால் மூடி ஏழு நாள் காக்கவேண்டும். நம் பங்குனி வெயிலில், பழகாத கைகளால் அதைச் செய்ய நான் பரிந்துரைப்பதில்லை.

வாசல் என்பது வாசல்

எந்த வழிகாட்டியும் சொல்லாத, ஆனால் நம் வீடுகளில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒன்று உண்டு. காலையில் சாணம் தெளிப்பார்கள், கோலம் போடுவார்கள். சாணக் கரைசலும் கோல மாவும் நாள்தோறும் சந்துக்குள் இறங்கினால் ஒரே ஆண்டில் தளம் அடைபடும். கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல் மாவு; அது கரைந்து போகாது. அதற்காகக் கோலத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, சொன்னாலும் வீட்டில் கேட்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். நிலைக்கு நேரே ஆறடிச் சதுரத்தை மண்தரையாகவே விடுங்கள், அல்லது சந்தில்லாத பலகைக் கல் போட்டு மண்பாத்திப் பக்கம் சரிவு கொடுங்கள். கழுவும் நீர் செடிக்குப் போகட்டும்.

அதேபோல் பந்தல்கால். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போடுகிறவர் கடப்பாரையால் தளத்தைக் குத்தித்தான் கம்பு நடுவார். இப்போதே நான்கு மூலைகளில் இரும்புக் குழாய்த் துண்டுகளை ஊன்றி மூடி போட்டு வைத்தால் தளம் தப்பும்.

பராமரிப்பு

புழுதிதான் பகை. வாரம் ஒருமுறை உலர்வாகப் பெருக்குங்கள். நீர் விட்டுக் கழுவித் தள்ளாதீர்கள், அழுக்கு சந்துக்குள் போய்விடும். தளத்தின்மேல் மணல் கொட்டுவது, சிமென்ட் குழைப்பது இரண்டும் கூடாது. பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் தார்ப்பாய் விரித்துவிடுங்கள்.

ஆவணியில் ஒரு சோதனை செய்யுங்கள். அடியில்லாத ஓரடி விட்டமுள்ள பெயின்ட் டப்பாவைக் களிமண்ணால் தளத்தில் ஒட்டி, நான்கு லிட்டர் நீர் ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் மறைந்தால் மிக நன்று. பத்து நிமிடம் வரை போகட்டும், கவலையில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால், அந்தப் பகுதியில் சந்தின் மேல் ஓர் அங்குலச் சிப்ஸைக் கம்பியால் கிளறி எடுத்து, கழுவிய சிப்ஸ் நிரப்புங்கள். அடைப்பு பெரும்பாலும் அந்த மேல் அங்குலத்திலேயே இருக்கும். கல்லைப் பெயர்க்க வேண்டி வருவது அரிது.

தெருவுக்குக் கேட்கும்போது

உள்ளாட்சியில் உங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் வரப்போகிறது என்றால், எஸ்டிமேட் போடும் முன்பே போய்ப் பேசுங்கள். வேலை தொடங்கியபின் எந்த ஒப்பந்ததாரரும் மாற்றமாட்டார். கேட்கவேண்டியவை சில. கல்லுக்கு அடியில் கான்கிரீட் வேண்டாம், ஜல்லி வேண்டும். சந்தில் மணல் வேண்டாம், சிப்ஸ் வேண்டும். நடு ரோடு அப்படியே இருக்கட்டும், இருபுறமும் இரண்டடி ஓரமாவது நீர் இறங்கும்படி வேண்டும். தெருவின் மட்டம் வீட்டு வாசலைவிட உயரக்கூடாது. பழைய தளத்தைப் பெயர்க்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போவதால்தான் பல வீடுகளுக்குள் மழைநீர் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருணிக்குப் போகும் வரத்துக்காலை மூடி அதன்மேல் தளம் போடவேண்டாம். இதை மனுவாக எழுதி, தெருவில் உள்ளவர்கள் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து ஆடி வரை. தோண்டிய குழி திறந்து கிடக்கும்போது ஒரு மழை வந்து சேற்றை நிரப்பினால் அந்தச் சேற்றை முழுவதும் வழித்து எடுத்த பிறகே ஜல்லி போடவேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் தோண்டாதீர்கள். அந்த மழையில் நீர் போகும் வழியை மட்டும் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, தை முடிந்ததும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.